பஞ்சவர்ணா கம்பெனிக்குக் குப்புராஜ் படித்த பஞ்சாங்கம்

என் பெயர் ரத்தினம். தகப்பனார் பெயர் சின்னக்கொழந்தை. வயது எழுபதுக்கு மேல் இருக்கும், பிறந்த வருஷத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. இருப்பது இரும்புலியூரில், ஏரிக்குப் போகிற வழியில் கடைசி வரிசை வீடு. மேற்குத் தாம்பரத்தில் ரயில் ஸ்டேஷனை ஒட்டி சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது நெஞ்சு வலி வந்து சும்மா இருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் கோர்ட் குமாஸ்தா எழுதிக்கொள்வதற்குச் சம்மதித்துச் சொல்வதாவது.

நடந்த வருஷத்தை எனக்கு நம்பரில் சொல்லத் தெரியாது. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஜனங்கள் டம்ளரோடு கோயில் வாசலில் நின்ற வருஷம் அது. அதே வருஷம் தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம் வந்தது, எல்லோரும் எக்ஸ்ரே பிலிமைக் கண்ணில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றார்கள். அதற்குப் பிறகு பொங்கல் வந்தது, மாசியில் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தது, சித்திரையில் எலெக்‌ஷன், ஆனி பிறக்கிற சமயத்தில் யாரும் எதிர்பார்க்காத பெருமழை. இந்தக் கேசில் சொல்லப்படுகிற எல்லாம் அந்தக் கிரகணத்துக்கும் அந்த மழைக்கும் நடுவில் நடந்தவை.

என் ஸ்டாண்டை ஒட்டி காஜா பாய் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். முன்பு அது சினிமா கேசட் வாடகைக்குக் கொடுக்கிற கடை, அந்த வியாபாரம் படுத்துப்போனதும் டி.வி. பெட்டிகளை வரிசையாக வைத்து, கேம் மிஷினை அதில் மாட்டி, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விளையாட விட்டார். மிஷின்கள் எல்லாம் பஞ்சவர்ணா கம்பெனியுடையவை. டப்பாவின் மேல் கிளிப் படம் போட்டிருக்கும், எனக்கு அந்தக் கிளிதான் அடையாளம். கம்பெனி ஷெட் குரோம்பேட்டைக்கு உள்ளே இருந்தது. வெளிநாட்டுச் சாமான்களை அங்கே பெண்கள் உட்கார்ந்து பூட்டி, டப்பாவில் போட்டு அனுப்புவார்கள்.

காஜா பாய் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தவர் குப்புராஜ். குற்றம் சாட்டப்பட்டு எதிரிக் கூண்டில் நிற்கிற காந்திமதி அவருடைய மனைவி. காந்திமதி கம்பெனி ஷெட்டில் இரண்டாவது ஷிப்டில் வேலை செய்தார். முடிச்சூரிலிருந்து சைக்கிளில் வந்து, என் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, எதிரே வந்து நிற்கிற கம்பெனி வேனில் ஏறிப் போவார். ஆகவே புருஷனையும் பெண்சாதியையும் நான் தினமும் பார்த்து வந்தேன்.

கிரகணத்தன்று கம்பெனி லீவு விடவில்லை. குப்புராஜின் தகப்பனார் சோமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் வருஷப் பிறப்பன்று வீடு வீடாகப் பஞ்சாங்கம் படிக்கிறவர், ஆகையால் அந்த வழக்கத்தில் வளர்ந்த குப்புராஜ் அன்று பொழுது முழுக்க வாசலைத் தாண்டக்கூடாது என்று சொன்னார். காந்திமதி கேட்காமல் வேலைக்குப் போனார். அவர் கட்டியிருந்த சாப்பாட்டைக் குப்புராஜ் தூக்கி எறிந்தார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. இதைத் தெருவே அறியும். அதற்குப் பிறகு புருஷனுக்குச் சொல்ல வேண்டியதைக் காந்திமதி என்னிடம் சொல்லிவிட்டு வேன் ஏறுவார். குப்புராஜ் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

“நைனா, அந்தாளுக்குச் சொல்லிடு. கொழம்பு அடுப்பு மேலயே கீது, மூடி வெச்சிருக்கேன்.”

குப்புராஜும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். “யாருக்குன்னு கேளு நைனா. எனக்கா, எதிர் வூட்டுப் பூனைக்கா?”

“ரெண்டுல எது மொதல்ல வூட்டுக்குப் போவுதோ அதுக்குன்னு சொல்லு.”

இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. கம்பெனி விஷயம் எதையும் காந்திமதி என் மூலம் சொல்லி அனுப்பியதில்லை. குழம்பும், அரிசி அரைக்கக் கொடுத்ததும், மாமியாருக்கு மருந்தும்தான்.

அதற்குப் பிறகு இங்கிலீஷ் வருஷத்தின் கடைசி நாள் வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் கூட்டம் குறைந்திருந்தது. காஜா பாய் மிக்சரும் டீயும் வாங்கி வைத்தார். வருஷா வருஷம் அன்றைக்கு அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வரப்போகிற வருஷத்தில் பஞ்சவர்ணா கம்பெனி என்னென்ன அறிவிக்கும் என்று குப்புராஜ் பஞ்சாங்கம் படிப்பார். கம்பெனி பொங்கல் கழிந்ததும் கடைக்காரர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்துப் புதுச் சரக்கு, புது விலை எல்லாம் சொல்லும். அதற்கு முன்பே குப்புராஜ் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சிரிக்க வேண்டும். முந்தைய வருஷங்களில் அவர் சொன்னதில் பாதிக்குமேல் பலித்ததில்லை. துப்பாக்கி வைத்துச் சுடுகிற கேம் வரும் என்று சொன்ன வருஷம் குழந்தைகளுக்கு ஏ பி சி டி சொல்லிக் கொடுக்கிற கேசட் வந்தது.

அன்று கடையில் இருந்தவர்கள் காஜா பாய், குப்புராஜ், நான், துரை சார். துரை சார் என்பவர் பஞ்சவர்ணா கம்பெனியின் விற்பனை அதிகாரி. இந்தக் கேசில் கம்பெனி சார்பாகப் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கடைகளுக்குப் போய், எந்தக் கேம் ஓடுகிறது, எந்த மிஷின் கெட்டுப்போகிறது என்று விசாரிப்பது அவருடைய வேலை. குப்புராஜிடம் பிரியமாக இருந்தார். காந்திமதி அங்கே இல்லை. வேன் ஏறிப் போனதை நான் பார்த்தேன், அவருடைய சைக்கிள் என் ஸ்டாண்டில் புளியமரத்தடியில் நின்றது.

குப்புராஜ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கிழிந்த கேசட் டப்பா அட்டை ஒன்றைப் பஞ்சாங்கம் மாதிரி விரித்துப் பிடித்தார்.

“ஆரம்பி அய்யரே. தட்சணை மிக்சர்தான், பாத்துக்கோ” என்று காஜா பாய் சொன்னார்.

குப்புராஜ் அவருடைய தகப்பனார் ராகத்திலேயே இழுத்துப் படித்தார். கம்பெனிக்கு இந்த வருஷம் ராஜா சனி, மந்திரி சுக்கிரன், சேனாதிபதி துரை சார் என்றார்.

“சேனாதிபதிக்குச் சம்பளம் ஏறுமாய்யா?” என்று துரை சார் கேட்டார்.

“அது கிரகத்துக்கே தெரியாது சார்.”

அதற்குப் பிறகு வரிசையாகச் சொன்னார். உலகக் கோப்பை வருகிறது, ஆகவே கிரிக்கெட் கேசட் வந்தே தீரும் என்றார். சனி ராஜா, சனிக்கு நிறம் கறுப்பு, ஆகவே சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிற மிஷின் போய்க் கறுப்பு மிஷின் வரும் என்றார். மழை விவரம் சொல்வது மாதிரி, கப்பல் சரக்கு மழை பர்மா பஜாரில் ஆறு பங்கும் ரிச்சி தெருவில் மூன்று பங்கும் பெய்து தாம்பரத்தில் ஒரு தூறல் போடும், அந்த வெள்ளத்தில் பஞ்சவர்ணாவின் விலை இறங்கும் என்றார். எல்லோரும் சிரித்தோம். துரை சாரும் சிரித்தார். ஒன்றையும் மறுக்கவில்லை.

அப்போது காஜா பாய், “எல்லாம் நல்லதாவே சொல்லிகினு கீறியேப்பா. பஞ்சாங்கம்னா பஞ்சமும் ஒண்ணு இருக்கணும்ல” என்று கேட்டார்.

குப்புராஜ் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “ரெண்டாவது ஷிப்டு நின்னுபூடும். பொம்பளைங்க வூட்ல குந்திகினு இருப்பாங்க” என்றார்.

“உன் பொண்டாட்டி அந்த ஷிப்டுதானேய்யா?” என்று துரை சார் கேட்டார்.

“அதனாலதான் சார் சொல்றேன். அப்பவாச்சும் எனக்குக் கொழம்பு சூடா கெடைக்கட்டும்.”

அதற்கும் சிரித்தோம். மிக்சர் தீர்ந்தது, அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். குப்புராஜ் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

காஜா பாய்க்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள வராது. சரக்கு எடுக்க ரிச்சி தெருவுக்குப் போன இடத்தில் இந்தப் பஞ்சாங்கத்தை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அங்கே இருந்த வியாபாரிகள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னவனின் பெண்சாதி ஷெட்டுக்கு உள்ளே வேலை செய்கிறாள் என்பதைக் கேட்டுக்கொண்டு, கறுப்பு மிஷின் வரும் வரை சிவப்பு மிஷின் வேண்டாம், விலை இறங்கிய பிறகு வாங்கலாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். கம்பெனியில் சரக்கு தேங்கிவிட்டது. இதைக் காஜா பாய் பிறகு தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

பொங்கல் கழிந்து கம்பெனி விருந்து வைத்தது. காஜா பாய் போய்விட்டு வந்து, கடைக்குள் நுழையாமல் என் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தார். கிரிக்கெட் கேசட்டும், கறுப்பு மிஷினும், குறைந்த விலையும் மேடையில் வைத்து அறிவித்தார்கள் என்றார். அந்த வாரமே ஷெட் கதவில் தாள் ஒட்டி இரண்டாவது ஷிப்டையும் நிறுத்தினார்கள். குப்புராஜ் கேட்டுவிட்டு, கையில் இருந்த, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார். “நான் வெளாட்டுக்குச் சொன்னேன் பாய்” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு, பாக்கிச் சம்பளம் வாங்குவதற்காகக் காந்திமதி ஷெட்டுக்குப் போன அன்று, அங்கிருந்தே போலீஸார் அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். கம்பெனி ரகசியத்தைத் திருடிப் புருஷன் மூலம் வியாபாரிகளுக்குக் கொடுத்ததாகப் புகார். என்னிடம் சைக்கிள் விட்டுப் போனவர் எடுக்க வரவில்லை. கூட வேலை செய்த பெண் ஒருத்தி ஓடிவந்து சொன்னாள். குப்புராஜும் காஜா பாயும் நானும் போனோம்.

காந்திமதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். குப்புராஜைப் பார்த்ததும், கிரகணத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பேசினார். “நான் உங்கிட்ட பேசவே இல்லையே. அத இவங்களுக்குச் சொல்லேன்” என்றார்.

குப்புராஜ் சொன்னார். நானும் சொன்னேன். புருஷன் பெண்சாதி பேசிக்கொள்ளவில்லை என்பதைக் கேட்டு அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குப் பக்கத்தில் துரை சார் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. வருஷக் கடைசியில் தானும் கடையில் இருந்து கேட்டதாக அவர் சொல்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. காஜா பாய், “சார், நீங்களும் இருந்தீங்களே” என்று கேட்டதற்கு, கம்பெனி ஆள் என்ற முறையில் புகார் கொடுத்திருக்கிறேன், அதற்குமேல் தெரியாது என்றார்.

குப்புராஜ் கை கூப்பிக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அது பலித்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கு இன்ஸ்பெக்டர் ஐயா, “வாய்க்கு வந்தது எல்லாம் பலிக்குதுன்னா அடுத்த வருஷத்துக்கும் சொல்லு. எழுதி வெச்சுக்கறோம். பலிச்சா உன் பொண்டாட்டி மேல தப்பில்லன்னு ஆவுது” என்றார். அவர் கிண்டலாகச் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, ஒரு போலீஸ்காரர் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குப்புராஜ் பெஞ்சைப் பார்த்தார், துரை சாரைப் பார்த்தார். பிறகு ராகம் இல்லாமல் சொன்னார். கம்பெனி அபிவிருத்தி அடையும் என்றார். பெங்களூரில் இன்னொரு ஷெட் போடுவார்கள், இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற கார் பந்தயக் கேசட் வரும், நிறுத்திய பெண்களைத் திரும்ப எடுப்பார்கள் என்றார். எல்லாம் நல்லதாகவே சொன்னார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

எதிரே யேசுதாசன் என்பவருடைய டீக்கடை இருந்தது. குப்புராஜ், காஜா பாய், நான் மூன்று பேரும் அங்கே நின்றோம். டீ சொன்னோம், யாரும் குடிக்கவில்லை. ஒரு கெட்டதும் சொல்லாமல் எதற்கு இப்படிச் சொன்னாய் என்று நான் குப்புராஜைக் கேட்டேன்.

“நைனா, எங்கப்பன் ஒரு வூட்டு வாசல்ல நின்னு அந்த வூட்டுக்கே கெடுதின்னு ஒரு நாளும் படிச்சதில்ல. அரிசி போடற வூடு அது. எதுத்த ஊருக்குப் பஞ்சம்னு சொல்லுவாரு, நிக்கற வூட்டுக்கு மட்டும் மழைதான்” என்றார்.

“இப்ப யார் வூட்டு வாசல்ல நிக்கற நீ?” என்று காஜா பாய் கேட்டார்.

“பொண்டாட்டி உள்ள குந்திகினு கீறா பாய். அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா எப்டி சொல்றது, உங்க கம்பெனி அடுத்த வருஷம் விருந்து வெக்காது, ஷெட்டப் பூட்டிடுவீங்கன்னு?”

இதைச் சொன்னபோது துரை சார் எங்கள் பின்னால் வந்து நின்று டீ வாங்கிக்கொண்டிருந்தார். கையில் கிளாஸோடு அப்படியே திரும்பினார்.

“யார் சொன்னா உனக்கு?” என்று கேட்டார்.

“யாரு சார் சொல்லணும்? வெல எறக்கிட்டீங்க, ஆளக் கொறச்சிட்டீங்க. தோணுச்சு. தப்பாவும் இருக்கலாம்.”

“காந்திமதி சொன்னாளா?”

“அவளுக்கு எப்டி சார் தெரியும்? நாளைக்கு மறுபடி ஷிப்டு வெப்பாங்க, கூப்புடுவாங்கன்னு இருந்தவ சார் அவ.”

துரை சார் தணிந்த குரலில், அது அவருக்கும் முதலாளிகளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்றார். இதை நான் என் காதால் கேட்டேன். “இத உள்ள சொல்லிடாதப்பா. என் வேலை போயிடும்” என்றார். குப்புராஜ் சரி சார் என்றார். காஜா பாய்தான், அப்படியானால் இவன் மனசுக்குத் தோன்றிச் சொல்கிறவன் என்று நீங்கள் உள்ளே சொல்லுங்கள் சார், அந்தப் பெண்ணை விட்டுவிடுவார்கள் என்று கேட்டார். துரை சார் பார்க்கிறேன் என்றார். கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்குள் போகாமல் பஸ் நிற்கிற பக்கம் போனார்.

காந்திமதியை ஜாமீனில் விட்டார்கள். கேஸ் மட்டும் முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. மாசியில் உலகக் கோப்பை நடந்தபோது கடையில் அந்தக் கிரிக்கெட் கேசட்டுக்குத்தான் கூட்டம், குப்புராஜ் அதைத் தொடமாட்டார். வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வேன் நின்றுபோனதால் சைக்கிள் என் ஸ்டாண்டுக்கு வருவதில்லை. ஆனி மழைக்கு முந்தின நாள் வானம் கறுத்திருந்தது, மழை வருமா என்று ஒருவர் சாதாரணமாகக் குப்புராஜைக் கேட்டார். எனக்குத் தெரியாது சார், நான் ஒண்ணும் சொல்லலை என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குள் போய் நின்றுகொண்டார். அந்த மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து டி.வி. பெட்டிகள் நாசமாயின.

கம்பெனி அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பே ஷெட்டைப் பூட்டியது. பெங்களூரும் வரவில்லை, கார் பந்தயமும் வரவில்லை, பெண்களையும் எடுக்கவில்லை. ஸ்டேஷனில் எழுதிய தாளை வைத்துக்கொண்டு, இவன் சுயமாகச் சொன்னதில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை, ஆகையால் முன்பு சொன்னது மனைவி திருடிக் கொடுத்ததுதான் என்று போலீஸார் இந்தக் கேசில் எழுதியிருப்பதாக எதிரியின் வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். ஷெட் பூட்டப்படும் என்று குப்புராஜ் சொன்னது அந்தத் தாளில் இல்லை. அது டீக்கடையில் சொன்னது.

குப்புராஜ் மறு வருஷம் இரும்புலியூர் பக்கம் தண்டவாளத்தைத் தாண்டும்போது மின்சார ரயிலில் அடிபட்டு இறந்தார். விபத்து என்று எழுதினார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். காந்திமதி பல்லாவரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் துணிக்குப் பொத்தான் தைக்கிறார், வாய்தா வரும்போதெல்லாம் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். தீர்ப்பு எதிராக வந்தால் ஜெயில் என்று வக்கீல் சொல்கிறார். மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

அரசு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டதற்குச் சொல்வது: எதிரி எனக்கு உறவு இல்லை. அவருக்குச் சாதகமாகச் சொல்ல நான் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. ஸ்டேஷனிலேயே ஏன் இதைச் சொல்லவில்லை என்றால், சொல்லவேண்டாம் என்று துரை சார் கேட்டார், குப்புராஜ் ஒப்புக்கொண்டார், உள்ளே இருந்தது அவருடைய மனைவி. துரை சார் தானாகவே சொல்வார் என்று நாங்கள் நம்பினோம். எழுதப் படிக்கத் தெரியாத நான் இவ்வளவும் நினைவு வைத்திருப்பது நம்பும்படியாக இல்லை என்று சொல்வது சரியல்ல. ஸ்டாண்டில் நான் டோக்கன் பார்த்துச் சைக்கிள் கொடுத்ததில்லை, முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன், ஒரு சைக்கிளும் மாறிப் போனதில்லை. டீக்கடையில் நடந்ததாக நான் சொல்வது கட்டுக்கதை என்பதும் சரியல்ல.

மேலே எழுதியிருப்பதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர வேறு சேர்க்கவில்லை. இதற்குச் சாட்சியாக என் இடது கைப் பெருவிரல் ரேகையை வைத்திருக்கிறேன்.

ரேகை வைத்தபின், இன்னும் ஒன்று எழுதிக்கொள்ளுமாறு சாட்சி கேட்டதன் பேரில் சேர்க்கப்பட்டது: அந்த டீக்கடையில் குப்புராஜ் சொன்னதைக் கேட்டவர்கள் இன்னும் யாராவது உண்டா என்று நீதிபதி ஐயா கேட்டார்கள். காஜா பாய் கடையை விற்ற கையோடு மாரடைப்பில் போய்விட்டார். டீக்கடை யேசுதாசன் போன ஆடியில் போனார். குப்புராஜ் இல்லை. என் நெஞ்சு அடுத்த வாய்தா வரை தாங்குமா என்று எனக்குத் தெரியாது, ஆகவே என்னைக் கணக்கில் வைக்க வேண்டாம். உயிரோடு இருப்பவர் ஒருவர். அடையாற்றில் வேறு கம்பெனியில் வேலையாக இருக்கிறார், சம்மன் போயும் வரவில்லை என்கிறார்கள். அவர் பெயர் துரை.